பனிக்கட்டி ஆலை ஃபோல்டருக்குக் கூப்பிடும் பேர்

எங்கள் தாய்லாந்துச் சொங்க்லா கடல்மேல் ஆணை, நான் கும்பிடும் புத்தர்மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தொங்பாய் அக்காவின் பனிக்கட்டி ஆலையில் இயந்திரத்தை ஓட்டும் புரோகிராம் செத்துப்போனது. சாயங்காலம் படகுகள் வந்துவிடும். பனிக்கட்டி இல்லையென்றால் மீன் அத்தனையும் நாறிவிடும். கம்ப்யூட்டர் வேலை தெரிந்த பையன் நரோங் காலையிலேயே வந்து, புரோகிராமைப் புதிதாகக் கட்டி இன்ஸ்டால் செய்ய உட்கார்ந்தான். முதல் வரியிலேயே படுத்துவிட்டது.

காரணம், புரோகிராம் இருக்கும் ஃபோல்டரின் பேர். விகாரைச் சாமியார் நாள் பார்த்து வைத்தது. நடுவில் இடைவெளி, ஒற்றை மேற்கோள்குறி வேறு. இடைவெளி வந்ததும் கம்ப்யூட்டர் பேர் முடிந்தது என்று நினைத்து, பாதிப் பேரைத் தேடி அலைந்தது. மேற்கோள்குறியைக் கண்டதும் அதன் ஜோடி வரட்டும் என்று வாயைப் பிளந்தபடி காத்திருந்தது. அந்த வாய்க்குள் ஒரு பல்லி குடியேறியதை நானே பார்த்தேன்.

"அக்கா, பேர மாத்திடுவோம். சட்டுனு முடியும்."

"கைய வச்சுப் பாரு! என் புருஷன் நாலு தடவ பேர மாத்திட்டான், வேலை கெடச்சுதா? ராசியான பேருன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

"சரி. பேரும் இருக்கட்டும், பனிக்கட்டியும் வரட்டும். முடிக்காம எந்திரிக்க மாட்டேன்."

சட்டையைக் கழற்றிப் போட்டான். ஃபோல்டர் பேர் வரும் ஒவ்வொரு வரியிலும் இரட்டை மேற்கோள்குறியால் வேலி கட்டினான். மதியத்துக்குள், புரோகிராமைக் கட்டித்தரும் மென்பொருள் கருவிகள் எல்லாம் பணிந்தன, ஒரு கிழட்டுக் கருவி தவிர. வேலியெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. எழுதியவன் செத்து வெகுகாலம்.

"செத்தவன் எழுதுனத யாருடா திருத்துறது?" என்றேன்.

"மாமா, உங்க நெசப்பேரு என்ன?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? ஊரே தவளைன்னுதான் கூப்பிடுது."

நரோங் மேசையில் அறைந்தான். "அதேதான்! நமக்கெல்லாம் நெசப்பேரு ஒண்ணு, கூப்பிட ஒண்ணு. இதுக்கும் வச்சிடுவோம்."

அதே ஃபோல்டருக்குப் போகும் குறுக்குவழி ஒன்றை உண்டாக்கி, 'நண்டு' என்று பேரிட்டான். சாமியார் வைத்த பேர் அலுங்காமல் உள்ளேயே இருந்தது.

"நண்டா? சாமியார் கோவிச்சுக்குவாரே!"

"அவரையே சின்ன வயசுல பன்னின்னுதான்க்கா கூப்பிட்டாங்க."

நண்டு என்றதும் கிழட்டுக் கருவி வாலாட்டியது. இயந்திரம் உறுமியது. படகுகள் வந்தபோது பனிக்கட்டி, ஆலை வாசலைத் தாண்டிக் கடலுக்குள் நீண்டிருந்தது. மீன்களே சறுக்கிக்கொண்டு கூடைக்கு வந்தன. ஒன்றுகூட நாறவில்லை.

எங்கள் துறைமுகத்துக்கு மின்சாரம் வந்தது அதற்கடுத்த வருஷம்.