இடம் மாறிய பேட்டரி

தவசி பயமில்லாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பயப்படுகிற ரகம். போலீசுக்குப் பயம், ஆர்டிஓவுக்குப் பயம், கம்பெனி சூப்பர்வைசருக்குப் பயம், ஒருநாள் வண்டி நின்றால் வேறு லாரியைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். அந்தப் புதன்கிழமை காலையில் தாராபுரம் ரோட்டில் போகும்போதும் நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது தப்பான காரணத்துக்கு.

அவன் லாரிக்கு ரொம்ப நாளாக இழுப்பு. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து வருடக்கணக்காகத் திருப்பூரில் பனியன் வேஸ்ட் ஏற்றுகிறவன். கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளை மூட்டை கட்டி, அதைப் பிய்த்து மறுபடி நூலாக்குகிற மில்லில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்தப் பஞ்சுத் தூசியில் மனுசனுக்கே நெஞ்சு அடைக்கும்போது வண்டிக்கு அடைக்காதா? எஞ்சின் காற்று இழுக்கிற வாய் முன்சக்கரத்துக்குப் பின்னால், தரைக்குக் கிட்டே இருந்தது. மேலேயிருந்து உதிர்கிற தூசி முழுக்க அதற்குள்தான் போகும். ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு விழும். மேடு வந்தால் வண்டி கரும்புகை கக்கும். பின்னால் பைக்கில் வருகிறவன் தவசியின் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போவான்.

காங்கயம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சசிகுமார்தான் வைத்தியம் சொன்னான். காற்று வாயைத் தூக்கி கேபினுக்குப் பின்னால் உயரமான குழாயாக நிறுத்திவிடலாம், உடைத்த பஸ் ஒன்றின் பெரிய ஃபில்டர் டிரம் இருக்கிறது, அதையும் போட்டுவிடலாம் என்றான். எல்லாம் சரி, அந்த டிரம் உட்கார இடம் வேண்டுமே. இடதுபக்கம் பேட்டரி இருந்த இடம்தான் அதற்கு வாகாக இருந்தது. பேட்டரிக்கு வலதுபக்கம் இரும்புக் கூண்டு அடிக்கலாம், ரெண்டு நாள் ஆகும் என்றான் சசிகுமார். ரெண்டு நாள் வண்டி நிற்கக் கூடாது என்றான் தவசி. பாடிக்குள்ளேயே, கேபின் சுவரை ஒட்டிய மூலையில், ஒரு பலகைப் பெட்டியில் வைத்துவிடச் சொன்னான். சசிகுமார் மனசில்லாமல் வைத்தான். கேபிளை நீட்டி, பாடியின் தகட்டில் ஓட்டை போட்டு மேலே ஏற்றினான்.

"அந்த ஓட்டையோட விளிம்பு கத்தியாட்ட இருக்குதுங்கண்ணா. ரப்பர் வளையம் போடாம வண்டிய எடுத்துறாதீங்க. நாளைக்கு வந்துரும்."

"சரிப்பா" என்றான் தவசி.

மறுநாள் காலையில் ரப்பர் வரவில்லை, லோடு வந்தது. திருப்பூரில் பனியன் வேஸ்ட்டுக்கு ஆகாத காரியம் ஒன்று உண்டா? கை துடைக்க அது, ஒழுகுகிற பைப்பைக் கட்ட அது, தலையணைக்குள் அது, காயத்தைக் கட்டவும் அதுதான். தவசி ஒரு நீளத் துண்டை எடுத்து, ஓட்டைக்குள் போகிற இடத்தில் கேபிளைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. ரப்பர் என்ன ரப்பர், இதை விடவா மெத்தென்று இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சுற்றியிருப்பார்கள்.

கருத்தம்மா அவன் பெண்டாட்டி. லோடு இறக்கக் கூடவே வருவாள், கேபினில் அவன் பக்கத்தில்தான் உட்காருவாள். அன்றைக்கு சூப்பர்வைசர் நாலு அட்டைப்பெட்டிகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். வெட்டின வெள்ளைத் துணி. குண்டடத்தில் ஒரு தையல் யூனிட்டில் கொடுக்க வேண்டும். ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் ரிஜெக்ட் என்று சொல்லியிருந்தார். அதனால் வெள்ளைத் துணி கேபினில் ஏறியது, கருத்தம்மா கூலிக்கு வருகிற ராமாத்தாளோடு பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஏறினாள். அவள் போன் சார்ஜில் கேபினிலேயே கிடந்தது, ராமாத்தாளிடம் போனே கிடையாது.

பாதி வழியில் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் பேசி அனுப்பியிருந்தான். அவிநாசிபாளையத்தில் செக்கிங், லோடு வண்டியில் ஆள் இருந்தால் விடமாட்டேன் என்கிறார்கள். தவசி உடனே ஓரங்கட்டி இறங்கினான்.

"ரெண்டு பேரும் கேபின் செவுத்த ஒட்டிப் படுத்துக்கங்க. மேல தார்ப்பாயப் போட்டுக் கட்டிர்றேன்" என்றான்.

"மூச்சு முட்டுமே" என்றாள் கருத்தம்மா.

"அவிநாசிபாளையம் தாண்டுனதும் அவுத்து விட்டுருவேன். செத்த நேரம்."

"வெய்யலுக்கு நெழலுன்னு நெனச்சுக்கலாமுங்கக்கா, வாங்க" என்றாள் ராமாத்தாள்.

தார்ப்பாயை இழுத்து மூடி, கயிற்றைக் கொக்கிக்குக் கொக்கி மாட்டி, ஆள் இருப்பது துளியும் தெரியாதபடி இழுத்துக் கட்டினான். கட்டுகிற வேலையில் தவசியைக் குறை சொல்ல முடியாது.

செக்கிங்கில் கையைக் காட்டினார்கள். பேப்பரைப் பார்த்தார்கள். ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தார்ப்பாயில் லத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தால் போதும், கதை முடிந்தது. வரவில்லை. போகச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி அவிழ்த்துவிட வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்தால், செக்கிங்கில் நின்ற போலீஸ் ஜீப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

ஜீப் அதன் வேலையாகப் போகிறது. தவசிக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள், நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவார்கள் என்று அவனாக முடிவுகட்டிக்கொண்டு ஓட்டினான்.

அப்போதுதான் கேபினுக்குப் பின்னால் டொக்கு டொக்கென்று சத்தம் ஆரம்பித்தது. புதுக் குழாய் காலையிலிருந்தே கேபின் சுவரில் இடித்துக்கொண்டுதான் வந்தது. பள்ளத்தில் ஏறி இறங்கினால் ஒரு இடி இடிக்கும். இப்போது ரோடு நன்றாகத்தான் இருந்தது, சத்தம் மட்டும் கூடியிருந்தது. கிளாம்ப் கழன்றுவிட்டது போல, இதைக்கூட ஒழுங்காக முடுக்கத் தெரியவில்லை என்று சசிகுமாரை வாய்க்குள் திட்டினான்.

எதிரே வந்த டிராக்டருக்கு ஹாரன் அடித்தான். ஹாரன் சளி பிடித்த ஆடுபோல இழுத்தது. மறுபடி அமுக்கினான், அந்தச் சத்தமும் வரவில்லை. புது வயர் அல்லவா, எங்கேயாவது லூசாக இருக்கும் என்று அதையும் சசிகுமார் கணக்கில் சேர்த்தான்.

துணி கருகுகிற வாசனை வந்தது. இந்தப் பக்கம் அது புதிதில்லை, ரோட்டோரம் எங்கேயாவது வெட்டுத்துண்டுக் குப்பையைக் கொளுத்திக்கொண்டே இருப்பார்கள். அதோ, வேலியோரம் ஒரு குவியல் எரிந்துகொண்டிருந்தது. தவசி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குவியலைத் தாண்டினான். நாசமாய்ப் போகிறவர்கள், ஊரையே புகையாக்குகிறார்கள் என்று முனகினான். குவியல் கண்ணாடியில் சின்னதாகி மறைந்தது. வாசனை மறையவில்லை.

வேஸ்ட் குடோன் ஒன்று எரிந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். பஞ்சுக்குள் பிடித்த தீ சத்தம் போடாது. மூட்டைக்குள் தூங்குகிற மாதிரி கிடக்கும். வெளியே கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டால் ஒரே மூச்சில் எழுந்து நிற்கும். அந்தக் கத்தி விளிம்பில் அவன் சுற்றிக் கட்டிய துண்டு அவன் கண்முன் வந்தது. அது போன வாரம் எண்ணெய் துடைத்த துண்டு என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நிறுத்து என்று மனசு சொன்னது. கண்ணாடியில் ஜீப் தெரிந்தது. நிறுத்தினால் தார்ப்பாய்க்குள் ரெண்டு பொம்பளைகளைப் பார்ப்பார்கள். கேசு, ஆர்டிஓ, வண்டியைப் பிடித்துவைப்பார்கள். இல்லை, வாசனை வெளியே இருந்துதான் வருகிறது. இல்லை, உள்ளேதான். டொக்கு டொக்கு என்று பின்னால் இடித்துக்கொண்டே இருந்தது. குண்டடத்து அம்மனைக் கூப்பிட்டான், உசிலம்பட்டிக் கருப்பனைக் கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினான். அந்த ரெண்டு வளைவு தூரத்தைத்தான் பிறகு அவனால் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வளைவில் ஜீப் இடதுபக்கம் ஒரு கிளைரோட்டில் திரும்பிப் போனது. இவனை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினான். எஞ்சின் இருமி அடங்கியது. வண்டி அசையாமல் நின்றது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

தவசிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் வாயிலிருந்து வந்தது அழுகையா கூப்பாடா என்று அவனுக்கே தெரியாது. குதித்து ஓடிக் கயிற்றைப் பிடித்தான். கொஞ்சம் முன்னால் அவனே போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. நகம் பிய்ந்தது, பல்லால் கடித்தான், அவிழவில்லை. தார்ப்பாயின் ஓரத்தில் மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"தள்ளுங்க சாமி" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன் என்கிற பெரியவர் அரிவாளோடு ஓடி வந்திருந்தார். கொக்கி கொக்கியாகக் கயிற்றை அறுத்தார். ரெண்டு பேருமாகத் தார்ப்பாயை இழுத்தார்கள். குப்பென்று புகை மேலே வந்தது. ராமாத்தாள் மூட்டை மேல் ஏறிக் கண்ணைத் திறக்க முடியாமல் உருண்டு விழுந்தாள். பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"அக்கா உள்ள இருக்காங்க. வயரு பக்கத்துலயே இருக்காங்க" என்றாள்.

தவசி மேலே ஏறிப் பார்த்தான். மூலையில் கருத்தம்மா மூட்டைகளை முதுகால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கேபிள் தணலாய்ச் சிவந்து கிடந்தது. அதற்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் இருந்தது. எரிந்த துண்டைக் கையாலேயே பிய்த்துப் போட்டிருக்கிறாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறாள், அது தீர்ந்ததும் தூக்குவாளியிலிருந்த மோர்ச்சோற்றைக் கொட்டியிருக்கிறாள். தகட்டில் சோறு கருகி ஒட்டியிருந்தது. வெறும் வாளி அவள் கையில் இருந்தது. அதை இன்னும் கேபின் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் வந்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

"வந்துட்டேன். வா, வெளிய வா" என்றான்.

"மொதல்ல அதக் கழட்டுங்க" என்றாள். குரல் கரகரவென்று வந்தது. "நான் நவுந்தா மூட்ட சரிஞ்சு விழும்."

பேட்டரியைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் கேபினில், சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டின் மேல் வெள்ளைத் துணிப் பெட்டிகள் இருந்தன. தவசி ஒவ்வொன்றாகத் தூக்கி ரோட்டில் எறிந்தான். ஒன்று வெடித்து, வெட்டின துணி புழுதியில் பறந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறி, நட்டைத் திருப்பினான். பொறி பறந்தது. கேபிள் கழன்று விழுந்து, சிவப்பு மெல்லக் கறுத்தது.

பிறகுதான் கருத்தம்மா நகர்ந்தாள். பொங்கியண்ணன் புகைகிற ரெண்டு மூட்டைகளை லாரியிலிருந்த மூட்டைக் கொக்கியால் இழுத்துப் பள்ளத்தில் தள்ளினார். கீழே விழுந்ததும் அவை குபீரென்று பிடித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு எரிந்தன. நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேப்பமரத்தடியில் பெரியவர் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார். கருத்தம்மா ரெண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கைத் தோல் வெள்ளையாய்ச் சுருண்டிருந்தது. தவசி அதைப் பார்க்க முடியாமல் பார்த்தான்.

"ஏங்க" என்றாள். "நான் தட்டுனது கேட்டுச்சா?"

"எங்கீங்கக்கா கேக்கும், அந்த எஞ்சின் சத்தத்துல" என்று ராமாத்தாள் முந்திக்கொண்டு சொன்னாள். நல்ல பொம்பளை. தப்பிக்க வழியை அவளே காட்டிவிட்டாள், ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். தவசிக்குத் தலையும் ஆடத்தான் பார்த்தது.

"கேட்டுச்சு" என்றான். "கொழாயி இடிக்கிதுன்னு நெனச்சேன்."

கருத்தம்மா தண்ணீர் விழுகிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மூணாத் தட்டுனேனே" என்றாள். "கொழாயி எங்கயாச்சும் மூணு மூணாத் தட்டுமா?"

மூன்று மூன்றாகத்தான் தட்டியது. அதுவும் தவசிக்குக் கேட்டிருந்தது.

தாராபுரம் பஸ் வந்தது. பெரியவர் நடுரோட்டில் நின்று கை காட்டினார். கருத்தம்மாவால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, ராமாத்தாள் இடுப்பில் கை கொடுத்து ஏற்றினாள். தவசி பின்னாலேயே ஓடிப் படியில் கால் வைத்தான்.

"நீங்க எதுக்கு" என்றாள் கருத்தம்மா, கோபம் துளியும் இல்லாமல். "வண்டிக்குக் காவலா இருங்க. ஆசுபத்திரிக்கு நாங்க போய்க்கிறோம்."

அவன் காலை எடுத்துக்கொண்டான். கண்டக்டர் விசில் அடித்தார். அதற்குப் பிறகுதான் தவசிக்குச் சரியான காரணத்துக்குப் பயம் வந்தது. பஸ் போன திசையைப் பார்த்தபடி அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.