சீனு வாங்கிவந்த பிராசசர்

சிவசங்கரியும் அபிகாயிலும் திருப்பதி பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இரண்டாயிரத்து இரண்டில், சித்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே மாடி அறையைப் பிடித்து, கம்ப்யூட்டர் சென்டர் திறக்கத் துணிந்தார்கள். முதலில் இரண்டு கம்ப்யூட்டர்; பாகங்களாக வாங்கி அவர்களே பூட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. மதர்போர்டுகளை அபிகாயில் திருப்பதியில் வாங்கினாள். பிராசசர் இரண்டையும் சிவசங்கரியின் தம்பி சீனு பெங்களூரிலிருந்து வாங்கிவந்தான்.

சாந்திபுரம் கிராமத்தில் சிவசங்கரியின் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் சீனு. பெங்களூர் கால் சென்டரில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே தன் பேச்சையும் நடையையும் யாரோ கவனித்துச் சிரிப்பதாகவே அவனுக்கு ஒரு எண்ணம். பிராசசரையாவது நாலு கடை ஏறி இறங்கி, நல்லதாகப் பார்த்து வாங்கிவிட்டோம் என்ற நிறைவோடு ஊருக்கு வந்திருந்தான்.

முதல் கம்ப்யூட்டரைப் பூட்டி ஸ்விட்சைப் போட்டார்கள். திரையைப் பார்த்த சீனுவின் முகம் விழுந்துவிட்டது. பெட்டியின் மேல் வேகம் ஆயிரத்து அறுநூற்று அறுபத்தேழு மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. திரையிலோ ஆயிரத்து இருநூற்றைம்பது. அதோடு ஏதோ பழைய மாடலின் பெயர்.

“ஏமாத்திட்டான்க்கா. பழசைப் புதுப் பெட்டில போட்டு என் தலைல கட்டிட்டான். பாத்ததுமே ஊர்நாட்டான்னு தெரிஞ்சிக்கினான் போல.”

“இருடா, பாக்கலாம்” என்றாள் சிவசங்கரி.

“என்னாத்த பாக்கறது? எனக்கு அந்த ஊரே வேணாம். நம்மூர்ல நைனாகூடவே இருந்துக்கிறேன்.”

அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்த அபிகாயில் திரும்பினாள். “உக்காரு சீனு. போர்டு சொல்றத நம்பி பிராசசர் மேல பழி போடாத.”

கம்ப்யூட்டரை அணைத்து, சூடு ஆறியதும் உள்ளேயிருந்த சின்ன ஃபேனைக் கழற்றினாள். பிராசசர் மேலிருந்த வெள்ளைப் பசையைப் பஞ்சால் துடைத்தாள். சிவசங்கரி டார்ச் அடித்துப் பொடி எழுத்துகளைப் படித்தாள். பெட்டியில் இருந்ததும் அதுவும் ஒன்றேதான்.

“எழுத்த அழிச்சிட்டு வேற எழுதியிருந்தா?” சீனு விடவில்லை.

“சரி, கணக்குப் போடு. போர்டு ஒரு வேகம் குடுக்கும். பிராசசர் அத பன்னெண்டரை மடங்கு ஆக்கிக்கும். அந்த மடங்கு அதுக்குள்ளயே பதிஞ்சிருக்கு, மேல எழுத்த அழிச்சாலும் மாறாது. இப்ப போர்டு நூறு குடுக்குது.”

“ஆயிரத்து இருநூத்தி அம்பது.”

“இதுக்குக் குடுக்க வேண்டியது நூத்தி முப்பத்திமூணு.”

சீனு உள்ளங்கையில் விரலால் பெருக்கிப் பார்த்தான். கிட்டத்தட்ட ஆயிரத்து அறுநூற்று அறுபத்தேழு வந்தது.

“உன்ன ஒருத்தனும் ஏமாத்தல. தப்பு நான் வாங்கியாந்த போர்டு மேல” என்றாள் அபிகாயில்.

போர்டில் ஜம்பர் என்கிற சின்னப் பிளாஸ்டிக் மூடி ஒன்று, பழைய பிராசசருக்கு ஏற்றபடி நூறில் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கி அடுத்த ஊசிகளில் மாட்டினாள். புதுப் பசை தடவி, ஃபேனைப் பூட்டி ஸ்விட்சைப் போட்டதும் வேகம் சரியாக வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

“போர்டு செஞ்சப்போ இந்த மாடலே வரல. அதுக்குத் தெரிஞ்ச பேரச் சொல்லுது. அதுக்குள்ள இருக்கற புரோகிராம மாத்தணும்” என்றாள்.

மறுநாள் திருப்பதிக்குப் போய், பிரவுசிங் சென்டரில் புதிய புரோகிராமை இரண்டு ஃபிளாப்பியில் ஏற்றிவந்தாள். அதைப் போர்டில் எழுதும்போது கரண்ட் போனால் போர்டு அதோடு போச்சு. சித்தூரில் கரண்ட் எப்போது போகும் என்று யார் சொல்வது? சிவசங்கரி கீழே ஸ்டுடியோக்காரர் எத்திராஜிடம் கேட்டு யூ.பி.எஸ்.ஸைத் தூக்கிவந்தாள்.

எழுத ஆரம்பித்துப் பாதிகூட ஆகவில்லை. மேலே ஃபேன் நின்றது. யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது.

“போச்சு” என்றான் சீனு.

“ஒண்ணும் போகல. கைய வைக்காம இரு.”

திரையில் கோடு மெதுவாக நகர்ந்து கடைசிக்கு வந்தது. அபிகாயில் கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். சரியான பெயர், சரியான வேகம். சிவசங்கரி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

கரண்ட் திரும்பியதும் அபிகாயில் ஸ்க்ரூடிரைவரைச் சீனுவிடம் நீட்டினாள். “ரெண்டாவது உன்னுது.”

சீனு தயங்கி வாங்கினான். ஜம்பரைத் தேடிப் பிடுங்கும்போது அது தவறி மேஜைக்கடியில் உருண்டது. சிவசங்கரி குனியப் போனாள். அபிகாயில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவனே மண்டியிட்டுத் தேடி எடுத்து மாட்டினான். ஃபிளாப்பியைப் போட்டு, கோடு முடியும்வரை கை வைக்காமல் நின்றான். சரியாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிவசங்கரி அவனைப் பெங்களூர் பஸ் ஏற்றப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

“அந்தக் கடைக்காரன் நல்லவன்க்கா. மூணாவது கம்ப்யூட்டர் போடறப்ப சொல்லு, அவன்கிட்டயே வாங்கியாரேன். போர்டும் நானே பாத்து வாங்கறேன்னு அபி அக்காகிட்ட சொல்லிடு.”

சிவசங்கரி சிரித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பியது.