ஹார்னுக்கு அசையாத நாய்

மலேசியாவில் சுங்காய் ஊருக்கு வெளியே பழைய கித்தா ரப்பர்த் தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. அதன் ஓரத்தில் சரளா முப்பத்திரண்டு ஆடுகள் வளர்த்தாள். காலையில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. மதியம் திரும்பியதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெரிய சாலையைக் கடந்து ஆற்றோரப் புல்லுக்குப் போவாள். கூடவே பெலாங் என்ற நாய் போகும். போன வருஷம் மகேந்திரன் ஓட்டி வந்த செம்பனைக் குலை லாரி, அந்த நாயையும் மூன்று ஆடுகளையும் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது.

மகேந்திரன் வெளியாள் இல்லை. சரளா வளர்ந்த அதே தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவன். தூரத்திலேயே ஆடுகளைப் பார்த்துவிட்டான். பிரேக்கைத் தொடவில்லை, ஹார்னைத்தான் அழுத்தினான். மறுநாள் அவனே முந்திக்கொண்டு, இவள் ஆடுகளைக் கட்டுப்பாடில்லாமல் சாலையில் விடுகிறாள் என்று மாவட்ட அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தான். ஓர் அதிகாரி வந்து, இன்னொரு தடவை நடந்தால் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு சரளா, பெலாங் கிடந்த இடத்தில் தார் மேல் ஒட்டியிருந்த மயிரைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். இதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

பக்கத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த டொமினிக்தான் புதுக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். சிம்பாங் பூலாய்க்கு மேலே கேமரன் மலைச் சாலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சீனர் வளர்த்த மந்தை நாயின் குட்டி. வந்த இரண்டாம் வாரமே கோழிகளையெல்லாம் வேலியோரம் ஓட்டிச் சேர்த்து நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து முறைத்தது. தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் கங்காணியின் பெயரையே சரளா அதற்கு வைத்தாள்.

ஆட்டுக்கு நல்ல நாய்தான். ஆனால் சக்கரத்தைக் கண்டால் போதும், பைத்தியம் பிடித்ததுபோல் பாயும். சரளா அதைத் திருத்த நினைக்கவில்லை.

"இவன் பாயட்டும் டொமினிக். அந்த லோரிய மட்டும் காட்டிக் குடுக்கிறேன். டயருகிட்ட போயி குரைக்கட்டும். அவன் ஸ்டேரிங்க ஒடிச்சி ரோட்டோர லொங்காங்கு சாக்கடையில விழட்டும்."

டொமினிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். "அவன் ஒடிக்க மாட்டான்க்கா. போன தடவ ஒடிச்சானா? நாய்தான் சாகும். அவன் சிரிச்சிக்கிட்டே போவான்லா."

நாய் சாகும் என்பதைவிட, அவன் சிரிப்பான் என்பதுதான் சரளாவுக்கு உறைத்தது. அன்று முழுக்க யோசித்தாள். அவன் ஹார்னை அழுத்தினால் எல்லாம் சிதறி ஓடும். அதில்தான் அவன் திமிர் இருக்கிறது. அழுத்தியும் ஒன்றுமே அசையாவிட்டால் அவன் என்ன செய்வான்?

மறுநாளே பழக்க ஆரம்பித்தாள். சாலையிலிருந்து நூறு அடி தள்ளி மேட்டில் கங்காணியை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்புப் பையில் வறுத்த நெத்திலி. லாரி போகும்போது நாய் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தால் ஒரு நெத்திலி. லாரியையே பார்த்து உறுமினால் ஒன்றும் கிடையாது, இன்னும் பத்தடி பின்னால் போய் உட்காருவாள். அடிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. ஹார்ன் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து, சோறு வைக்கும்போது மெல்ல ஒலிக்கவிட்டாள். ஒவ்வொரு வாரமும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். பிறகு டொமினிக் பட்டறைக்கு வந்த லாரிகளின் பக்கத்தில் படுக்க வைத்தாள். அவன் எஞ்சினை முடுக்கிவிட்டு ஹார்ன் அடிப்பான்.

நாலு மாதத்தில் கங்காணி சாலையின் வெள்ளைக்கோட்டில் படுத்து, எந்த வண்டி வந்தாலும் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தது. டொமினிக் வியந்துபோய் தட்டிக் கொடுத்தான். சரளாவுக்கு மகேந்திரனின் முகம்தான் கண்ணில் நின்றது.

எண்ணெய் ஆலையில் குலை இறக்கப் பெரிய வரிசை நிற்கும். நாலரைக்குள் போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு இறக்க முடியாது. மகேந்திரன் நாலு மணிக்கு அந்த இடத்தைக் கடப்பான். சரளாவும் நாலு மணிக்கே ஆடுகளை இறக்கினாள், கையில் சிவப்புக் கொடியோடு. நாய் கோட்டில் படுத்து அவன் லாரியை மறிக்க, ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. நாலு நிமிஷத்தில் முடிகிற வேலையை இருபது நிமிஷம் இழுத்தாள்.

முதல் நாள் அவன் ஹார்னை விடாமல் அழுத்தினான். நாய் காதைக்கூட ஆட்டவில்லை. அவன் இறங்கி வந்தான்.

"ஏய் சரளா, என்ன வெளையாட்டு இது? ஓட்டு ஆட்ட."

"கட்டுப்பாடு இல்லன்னு எழுதிக் குடுத்தியே. இப்போ இருக்கா, இல்லையா?"

"எனக்கு நேரமாச்சு."

"பெலாங்க அடிச்ச அன்னிக்கும் உனக்கு நேரமாச்சுதானே. பாத்துத்தான் அடிச்சேன்னு சொல்லிட்டுப் போ."

அவன் லாரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். பதினொரு நாள் இப்படியே போனது. இரண்டு முறை குலையை இறக்க முடியாமல் திரும்பினான். அவன் முதலாளி திட்டியதாகக் கேள்விப்பட்ட அன்று சரளா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் அவன் இறங்கவில்லை. லாரியை மெல்ல முன்னால் நகர்த்தினான். எதிர்ப்பக்கம் நின்ற காரிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுத்தாள். சரளா அதைப் பார்த்தாள். 'வா' என்ற ஒரு சொல் போதும், நாய் எழுந்து வந்துவிடும். அந்தச் சொல் நாக்கில் இருந்தது. அவள் சொல்லவில்லை. நன்றாகப் பதியட்டும் என்று காத்திருந்தாள்.

லாரி இன்னும் நகர்ந்தது. பம்பர் நாயின் முதுகு மயிரைத் தொட்டது. கங்காணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நெத்திலிக்குக் காத்திருக்கிற அதே பார்வை.

"வா," என்றாள். குரல் உடைந்து வந்தது. நாய் எழுந்து வந்தது. அது படுத்திருந்த கோட்டின்மேல் சக்கரம் உருண்டு போனது.

அன்று மாலைக்குள் அந்தக் காணொளி ஊரெல்லாம் பரவியது. கொடி பிடித்து நிற்கும் பெண், அசையாத நாய், அதன்மேல் ஏறப்போகும் லாரி. மூன்றாம் நாள் முதலாளி மகேந்திரனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். இனி அவனுக்குக் குலை வெட்டும் வேலைதான்.

அவன் மனைவி பிரமிளா சரளாவைத் தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீங்க அந்த மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொன்னா மறுபடி எடுத்துக்குவாரு. பன்னெண்டு நாளா நீங்க பண்ணது வீடியோல இல்லையேக்கா."

"இல்லதான்."

"சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

பிரமிளா திரும்பிப் போனாள். சரளா அவளை உட்காரச் சொல்லவுமில்லை, கூப்பிட்டு நிறுத்தவுமில்லை. மகேந்திரன் வெயிலில் அரிவாள் கம்போடு நிற்பதை நினைத்தபோது நெஞ்சில் இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

ஆனால் மறுநாள் பட்டறைக்குப் போய் டொமினிக்கைக் கூப்பிட்டாள். "லோரிய எடு. மெதுவா இவன் மேல வா."

"ஏன்க்கா? அதான் அசையாம கெடக்கானே."

"அதுக்குத்தான். கிட்ட வந்தா எந்திரிச்சி ஓடணும். நான் கூப்பிடாட்டியும் ஓடணும்."

டொமினிக் லாரியை நகர்த்தினான். கங்காணி படுத்த இடத்திலிருந்து அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. சரளா ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து அதை ஓரத்துக்கு இழுத்தாள். மறுபடியும் படுக்க வைத்தாள், மறுபடியும் இழுத்தாள். அமைதியாக இருக்கப் பழக்க நாலு மாதம் ஆனது. பயப்படப் பழக்க ஆரம்பித்து ஏழு மாதமாகிறது, இன்னும் முடியவில்லை.