ரேடியோவில் பற்றிய அடுப்பு

குற்றாலத்தில் இருந்த அத்தனை அடுப்புகளையும் ஒரு ரேடியோப் பெட்டியை வைத்துப் பற்றவைத்தவன் நான். சிரிக்காதீர்கள். சத்திரத்து அடுப்பு, ஹோட்டல் அடுப்பு, பங்களாவில் வந்து தங்கியிருந்த பெரிய மனிதர்களின் அடுப்பு எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். அறுபத்திரண்டாம் வருஷத்துச் சாரலில் குற்றாலம் சோறு தின்றது என்றால் அது என் தயவு. இதைச் சொன்னால் ஊர் தலையாட்டும். அன்று ஆட்டாத தலை ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் சொந்த மச்சினன் பீர் மைதீனின் தலை. வயிறு எரியுமா, எரியாதா?

நான் மசூது, தென்காசிக்காரன். சாரல் மாதங்களில் பேரருவிக்குப் போகிற வழியில் டீக்கடை போடுவேன். மற்ற மாதங்களில் அந்தக் கடையைப் பற்றிப் பேசுவேன். இப்போது கடை இல்லை, பேச்சு மட்டும் மிச்சம். இடம் முத்துக்குமாரசாமி பிள்ளையுடையது. பக்கத்துச் சத்திரமும் அவருடையதுதான். பஸ் நிற்கிற இடத்தில் பலவேசம் ஒரு கடை வைத்திருந்தான். அவனிடம் ஒரு கிராமபோன், இரண்டே இசைத்தட்டு. அதில் ஒன்று பாதியில் சிக்கி, "வா வா வா வா" என்று மாலைவரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் ஜனம் போகாமல் இருக்குமா? போயிற்று. அவன் டீயை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகரும். ஆனாலும் கூட்டம் அங்கேதான்.

ஆனி பிறந்ததும் பிள்ளை வந்து நின்றார்.

"வே மசூது, இந்தச் சீசன்லயும் நீரு ஈ ஓட்டுனீருன்னா அடுத்த வருசம் எடத்தைப் பலவேசத்துக்குக் குடுத்துருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லாதேயும்."

இந்த ஒரு கடைதான் எங்கள் வருஷம் முழுவதற்கும் கஞ்சி. அது போனால் நானும் என் மனைவி பாத்திமுத்துவும் குரங்குகளோடு மரத்தில் ஏறவேண்டியதுதான். ஒரு ரேடியோ வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். கடையில் பாதிப் பங்கு பீர் மைதீனுக்கு. அவன் தலையாட்டாமல் ஒரு கரண்டிகூட வாங்க முடியாது.

"மச்சான், அவசரப்படாதீங்க," என்றான் வழக்கம்போல. "வால்வு ரேடியோ காலம் முடிஞ்சிட்டு. டிரான்சிஸ்டர்னு ஒண்ணு வந்திருக்கு. கொழும்புல இருந்து வந்தவன் கையில பார்த்தேன். சோப்புப் பெட்டி தண்டிதான் இருக்கு. கரண்டு வேண்டாம், கூரையில கம்பி கட்ட வேண்டாம், சூடே ஆவாது."

"தென்காசிக்கு எப்பலே வரும்?"

"இந்தா வருதுங்கான்."

இவனுடைய 'இந்தா வருது' எனக்குப் புதிதா? போன வருஷம் ரேடியோ என்று வாய் திறந்தபோது, "திருநெல்வேலிக்கே ஸ்டேஷன் வரப்போவுது, வரட்டும்" என்றான். அதற்கு முந்தைய வருஷம், "சின்ன வால்வா வருதாம், பொறுங்க" என்றான். இவன் பேச்சைக் கேட்டு ஆதாம் பொறுத்திருந்தால் மனித வர்க்கமே இன்னும் ஆரம்பித்திருக்காது.

"டிரான்சிஸ்டர் வந்தா வாங்குவியாலே?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "டெல்லியில பேசுதவன் மொகமே பெட்டியில தெரியுதாம் மச்சான். அதையும் பாத்துட்டு..."

பால் காய்ச்சிக்கொண்டிருந்த பாத்திமுத்து கரண்டியோடு எழுந்து வந்தாள்.

"ஏலே, ஷமீம் பானுவைப் பொண்ணு பாக்கப் போனப்ப, இதைவிட நல்லது அடுத்த வருசம் வரும்னு பொறுத்தியா? காப்பி ஆறதுக்குள்ள தலைய ஆட்டிட்டு வந்தியே!"

"அது வேற, லாத்தா."

"என்னலே வேற? நீ சொல்லுத பெட்டி தீபாவளிக்கு வரும். அப்ப சாரல் போயி, ஆளும் போயிருக்கும். குரங்குக்கா பாட்டு வைக்கப் போற?"

அக்காவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். தலையை ஆட்டினான், ஆட்டியபிறகும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

தென்காசியில் நயினார் கடையில் வாங்கினோம். பெட்டி என்றா சொன்னேன்? அது ஒரு வீடு. மூன்று பேர் தூக்கினோம், நான்காமவர் வழிவிடச் சொல்லிக் கத்தினார். திருகினால் உடனே பாடாது. உள்ளே கண்ணாடிக் குழல்கள் செந்நெருப்பாய்ச் சூடேறி, பச்சைக் கண் ஒன்று மெல்ல விழித்து, பிறகுதான் வாய் திறக்கும். திறந்ததும் நயினார் கடை ஓடு அதிர்ந்தது. தெருவில் போன மாடு ஒன்று நின்று கேட்டது. அதோடு முடிந்ததா? காற்றில் சும்மா வருவதைக் கேட்பதற்குத் தபாலாபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம்! மூச்சு விடுவதற்கு ஒன்று போடாமல் விட்டார்களே, அந்த மட்டும் சந்தோஷம்.

குற்றாலத்துக்குக் கொண்டுவந்து, கூரையில் கம்பி இழுத்துக் கட்டி, ஊரைக் கூட்டித் திருகினேன். பச்சைக் கண் விழித்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் கேட்கவில்லை.

முழுக்கத் திருகினேன். பெட்டி நடுங்கியது. அப்போதும் 'ஹோ' என்று அருவிதான் கேட்டது. தண்ணீர் அந்தப் பாறையில் விழுகிற சத்தத்தில், பெட்டிக்குள் இருந்தவர் தொண்டை கிழியப் பாடியும் பயன் இல்லை. இதில் என் தப்பு என்ன, சொல்லுங்கள்! அருவி ஓரத்திலேயே வருஷம் வருஷமாய்க் கத்திப் பேசிப் பழகிய எங்களுக்கு அது ஒரு சத்தமாகவே தோன்றியதில்லை. கடையில் நின்ற யாருக்காவது தோன்றியதா? 'வாங்காதே' என்று நூறு காரணம் சொன்ன பீர் மைதீனுக்காவது தோன்றியதா? ஆனால் முதலில் சிரித்தவன் அவன்.

"டிரான்சிஸ்டர்னா காதுல வச்சுக் கேட்டிருக்கலாம், மச்சான்!" என்று கத்தினான். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பஸ் நிற்கிற இடத்தில் அருவிச் சத்தம் கிடையாது. அங்கே பலவேசத்தின் தட்டு "வா வா வா வா" என்றது. என் கடையில் நின்றவர்கள் போனார்கள்.

பாத்திமுத்து பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உச்சியில் கையை வைத்தாள். இட்லிச் சட்டி மாதிரிச் சூடு.

"பாடத்தான் துப்பில்ல. சும்மா ஏன் கெடக்கணும்?" என்று ஈரத் துண்டை அதன்மேல் விரித்தாள். துண்டு காய்ந்ததும் நமத்துப்போன தீப்பெட்டிகளை அடுக்கினாள். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் தீப்பெட்டி வாங்கின அன்றைக்கே நமத்துவிடும். லைசென்ஸ் எடுத்த ரேடியோ. அதன் தலையில் தீப்பெட்டியா?

அப்போதுதான் அந்தச் சாரல் பிடித்தது. இப்போது வருகிறதே, அதுவெல்லாம் சாரலா? அன்று மழை மேலிருந்து மட்டும் பெய்யவில்லை. பக்கத்திலிருந்து பெய்தது, கீழேயிருந்தும் பெய்தது. சட்டைப் பைக்குள் தவளை குடும்பம் நடத்தியது. செங்கோட்டைப் பாதையும் தென்காசிப் பாதையும் தண்ணீரில் போயின, வண்டி இல்லை. காற்று ஓட்டுச் சந்துகளில் புகுந்து ஒவ்வோர் அடுப்பாக அணைத்துக்கொண்டே வந்தது. திரும்பப் பற்றவைக்கக் குச்சியை உரசினால் மருந்து சேறாக வழிகிறது. கடைத்தெரு முழுவதும் உரசிப் பார்த்தார்கள். ஒரு குச்சி? ஒரு பொறி? ஊஹும். மின்சாரம் மட்டும் எப்படியோ போகவில்லை; என் பெட்டி, கேட்க ஆள் இல்லாமல் பாடிக்கொண்டே இருந்தது.

முதலில் வந்தவன் பிள்ளையின் சத்திரத்துச் சமையற்காரன் பால்வண்ணநாதன். மழையில் ஊறிப் பாதியாகியிருந்தான்.

"அண்ணாச்சி, சத்திரத்துல பிள்ளைகள் பசியில அழுவுது. ஒரு குச்சி எரிஞ்சாப் போதும்."

பாத்திமுத்து ரேடியோவின் தலையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். அவன் உரசினான். சர்ர்ரென்று பற்றியது. அந்தச் சத்தம் மட்டும் அருவியைத் தாண்டிக் கேட்டது, சத்தியமாக.

பிறகு வரிசை. ஹோட்டல்காரர்கள், பங்களாக்காரர்கள், பீடி பிடிக்க முடியாமல் பைத்தியம் பிடித்தவர்கள். ஈரப் பெட்டியைக் கொண்டுவந்து ரேடியோமேல் வைத்து, காய்கிறவரை என் கடையில் டீ குடித்தார்கள். கிராமபோனைச் சாக்கால் மூடிவிட்டுப் பலவேசமே வந்தான். கடைசியில், கூரை ஓரமாக நின்ற பீர் மைதீன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு குச்சியை எடுத்துப் பீடி பற்றவைத்தான். பார்த்துவிட்டேன்.

"எப்படிலே இருக்கு நம்ம பெட்டி?"

"இது என்ன அதிசயம்? இந்தக் குச்சி எங்கன வச்சிருந்தாலும் எரிஞ்சிருக்கும்," என்றான் புகையை என் முகத்தில் விட்டபடி. வெறும் வாயாக இருந்தால் பொறுத்திருப்பேன். என் நெருப்பில் பற்றிய பீடியை வாயில் வைத்துக்கொண்டு சொல்கிறான்!

பாதை திறந்ததும் திருநெல்வேலி போயிருந்த பிள்ளை வந்து சேர்ந்தார். ஊரே ஓடிப்போய்ச் சொன்னது. அவர் நம்பவில்லை.

"ரேடியோல அடுப்புப் பத்துச்சாம்! நீரு இதுவும் சொல்லுவீரு, மலை நடந்துச்சுன்னும் சொல்லுவீரு. பால்வண்ணன் ஓசி டீக்குச் சாட்சி சொல்லுவான். பலவேசம் இப்பவே எடத்தைக் கேக்கான் வே."

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கூட்டாமல் குறைக்காமல் உண்மை சொல்லியிருந்தேன். அதற்கா இந்த மரியாதை! பிள்ளை சுற்றிப் பார்த்தார். கூரை ஓரத்தில் வாயில் பீடியோடு பீர் மைதீன்.

"இந்தா நிக்கானே. மசூது சொல்லி இவன் எதையாவது ஒத்துக்கிட்டிருக்கானா? இவன் சொல்லட்டும். நடந்துச்சா, நடக்கலியா?"

கடை அவன் நாக்கில் நின்றது. அவன் பங்கும் அதில்தானே, ஒத்துக்கொள்வான் என்று நினைப்பீர்கள். அவனுக்குப் பங்கைவிடத் தான் சொன்ன சொல் பெரிது. பெட்டியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அதை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

பீடியை எடுத்துக் கீழே போட்டு மிதித்தான்.

"டிரான்சிஸ்டரா இருந்தா ஒரு குச்சிகூடக் காஞ்சிருக்காது, மொதலாளி," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒங்க சத்திரத்து அடுப்பும் இந்தப் பெட்டியிலதான் பத்துச்சு, எம் பீடியும் இதுலதான் பத்துச்சு. நடந்தது நடந்ததுதான்."