வாசனையில்லாத மாத்திரை

சர்க்கரைக்கு நான் சாப்பிடும் மாத்திரையைத்தான் புற்றுநோய்க்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது, நோயாளியான என் கணவர் சிரித்துவிட்டார்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம் பாரு."

அந்த ஆராய்ச்சியில் அவரும் சேர்ந்தார். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மற்றவர்களுக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. கீமோவோடு அதையும் விழுங்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தாலோ அளவு மிஞ்சினாலோ இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், மூச்சு வாங்கினால் உடனே ஓடி வாருங்கள் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சந்தேகம் வந்தால் இரண்டு பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர். அன்று வீட்டுக்கு வந்ததும் என் மாத்திரையையும் தன்னுடையதையும் மேசையில் வைத்து முகர்ந்தார். என்னுடையதில் மீன் கவிச்சி அடிக்கும். அவருடையதில் ஒன்றுமில்லை.

"எனக்கு மாவுதான்டி. இல்லேன்னா இது ஏன் வளருது?"

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்காரும் முன் என் மாத்திரை அட்டையை எடுத்தேன். புதிதாக வாங்கிய அட்டை. குழிகளெல்லாம் காலி. கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பல மாடி ஏறி வந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, என் மாத்திரையை எடுத்தீங்களா?"

"பொண்டாட்டி சொத்துல புருஷனுக்குப் பங்கில்லையா?"

"விளையாடாதீங்க. எத்தனை நாளா?"

வாயைத் திறந்தார்; மூச்சுதான் வந்தது.

டாக்ஸியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லிட்டிருந்தன. "அவங்ககிட்ட சொல்லிடாத. ஆராய்ச்சியிலேர்ந்து தூக்கிடுவாங்க. எனக்கு வேற கதவே இல்ல."

சொன்னால் அந்தக் கதவு மூடிவிடும். சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார். வழி முழுக்க அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் சொல்லிவிட்டேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா வராந்தாவில் நின்று யாருக்கோ போன் செய்தார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், கொடுத்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமாம். மாவாக இருக்கட்டும் என்று வேண்டினேன்; உடம்பில் பாதி விஷமாவது குறையும். அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காரணம் வேறு. இதுவரை சாப்பிட்டது மாவு என்றால், அசல் மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது.

டாக்டரம்மா திரும்பி வந்தார். "உங்களுக்குக் கொடுத்தது அசல்தான், ஐயா. வாசனையை வச்சு யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு மேல பூச்சு பூசியிருக்கோம்."

இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு அவரை இணைத்தார்கள். மறுநாள் காலையில் மூச்சிரைப்பு தணிந்திருந்தது. கேட்டார்:

"அப்போ ஆரம்பத்திலேர்ந்தே அதைத்தான் சாப்பிட்டேனா?"

"ஆமாங்க."

"அப்படியுமா வளர்ந்துச்சு?"

தலையை ஆட்டினேன். நோய் என்று தெரிந்த நாளில்கூட அவர் பயந்து நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். நகர்ந்து படுத்து எனக்கு இடம்விட்டார்.

"விளக்கை மட்டும் அணைக்காத," என்றார்.

ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.