மிஞ்சிய வளையம்

1.

இந்தக் கதை வேலிக்கு மேலாக என் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை நீட்டி, "இத நீ வெச்சுக்கோ. எங்க வீட்டுல இருக்க வேணாம்" என்றாள். புது வளையம். சுண்டுவிரல் நுனியில் நிற்கும் அளவுதான். ஏன் என்று கேட்டேன், சொன்னாள். கேட்டுக்கொண்டே மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"எழுதப்போற, இல்ல? பேர மாத்திடு. அப்படியே இடுப்பையும் கொஞ்சம் கொறச்சிடு."

பெயரை மாற்றிவிட்டேன்: மார்லா. இடுப்பைப் பற்றி இந்தக் கதையில் பேச்சே வராது.

2.

முதல் தொடக்கம்: "வெண்டல் தன் மூக்கை இழந்த அந்தக் குளிர்காலத்தில்—"

வேண்டாம். போரில் இழந்ததுபோல் இருக்கிறது. மார்லாவின் கணவனுக்கு மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டாவது தொடக்கம்: "மார்லா வீட்டிலேயே பியர் தயாரிப்பவள்." இது பரவாயில்லை. (எங்கள் ரசீன் நகரத்தில் இது ஊறுகாய் போடுவது மாதிரி.)

பியர் என்பது பாதிக்கு மேல் மூக்கால் குடிக்கிற சமாச்சாரம். முன்பெல்லாம் வெண்டல் ஒரு வாய் குடித்துவிட்டு, "வாழப்பழ வாசன ஏறிடுச்சு, சூட்டுல புளிக்க வெச்சுட்ட" என்று சண்டைக்கு வருவான். இப்போது எதைக் கொடுத்தாலும் "பிரமாதம், செல்லம்." சுவருக்குப் பரிமாறுவதுபோல் இருந்தது அவளுக்கு. இன்னும் ஒரே ஒரு முறை. அதற்கும் பிரமாதம் என்றால் அண்டா, குழாய் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்த வேலைக்கே முழுக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தாள்.

(முழுக்குப் போடப் போகிறவள் பியரை ஊற்றிவைக்க எதற்குப் பீப்பாய் வாங்கப் போனாள்? என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். 'நம்பிக்கை போனவர்கள்தான் கடைசியாக ஒரு பாத்திரம் வாங்குகிறார்கள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவளைக் கேட்டால், "பாட்டில் கழுவி அலுத்துப்போச்சு" என்கிறாள்.)

3.

ஹார்லன் என்ற கிழவர், காருக்கே பானம் கொண்டுவந்து தரும் கடை ஒன்றை நடத்தி மூடியவர். மிச்சமிருந்த சோடா பீப்பாய்களைக் கொட்டகையில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். முழங்காலைத் தாண்டும் எஃகு உருளைகள். தலையில் இரண்டு முனைகள்: ஒன்றில் வாயு உள்ளே போகும், மற்றதில் பானம் வெளியே வரும்.

"இது நசுங்கியிருக்கே?" என்றாள் மார்லா.

"நானுந்தான் நசுங்கியிருக்கேன். ஒழுகுறேனா? மூடியில இருக்கிற கம்பிக் கொக்கிய இழுத்துப் பாரும்மா."

இழுத்தாள். புஸ்ஸென்று சீறியது.

"பாத்தியா, இன்னும் மூச்சப் புடிச்சு வெச்சிருக்கு. நல்ல பீப்பா."

மூச்சோடு வாசனையும் வந்தது: ரூட் பியர். (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது இனிப்பு சோடா. வலிக்குத் தடவும் தைலத்தில் சர்க்கரையும் வனிலாவும் கலந்ததுபோல் மணக்கும்.)

"இந்த வாசன போகுமா?"

"எஃகுலேருந்து போயிடும். ரப்பர் விடாது. எல்லா வளையத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டு. எல்லாத்தையும், கேட்டுதா?"

4.

இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. சலவை சோடாவும் வெந்நீரும், ஸ்பானரோடு மல்லுக்கட்டு, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று மூச்சடக்கிப் பார்ப்பது. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதைத் தவிர அதில் வேறு சேதி இல்லை. எடுத்துவிட்டேன்.

எடுக்க முடியாதது இது: ஒரு பீப்பாய்க்குச் சரியான அளவில் புது வளையங்கள் வரும் பாக்கெட்டில், வேலை முடிந்தபின் ஒரு வளையம் மிஞ்சியது. யாரையும் நல்லவராகவே நினைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறை மார்லா செய்தாள். பாவம், உபரியாக ஒன்று போட்டு அனுப்பியிருக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்று உருகினாள். நன்றி அட்டை அனுப்பலாமா என்றுகூட யோசித்தாள். வளையத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, ஜன்னலோரத் தட்டில் வைத்தாள்.

வாயு போகும் முனைக்கு அடியில் ஒரு குட்டைக் குழாய். அதன் கழுத்தில் பழைய வளையம் தோலோடு தோலாக ஒட்டிக் கிடந்தது. அவள் பார்க்கவில்லை.

5.

வெள்ளிக்கிழமை. பொரித்த மீன், கோஸ் சாலட், முதல் கிளாஸ். ஊற்றும்போதே தைல வாசனை.

"வெண்டல், குடிக்காத! கொட்டிடறேன்."

குடித்துவிட்டான். நிறுத்தினான். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான்.

"ஏய் மார்லா. ரூட் பியர் வாசன அடிக்குது."

"என்ன சொன்ன?"

"ரூட் பியர்! கண்றாவி. என்னத்த பண்ணி வெச்ச?"

அவள் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"கண்றாவி."

"மறுபடியும்."

"அடி போடி, மீன் ஆறுது."

6.

இங்கேயே முடித்திருக்கலாம். மனம் வரவில்லை. உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

வெண்டல் ஆயுள் முழுக்கக் குழாய் வேலை பார்த்தவன். அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவதும் அவன்தான். ஹார்லன் சொன்னதையெல்லாம் மார்லா அவனிடம் ஒப்பித்திருந்தாள். ஜன்னலோரத் தட்டில் மிஞ்சிக் கிடக்கும் வளையத்தைப் பார்த்து, எது மாட்டப்படவில்லை, பியர் எப்படி மணக்கும் என்று சொல்ல அவனுக்கு மூக்கு தேவையே இல்லை.

முடிவு அ: வாசனை திரும்பிவிட்டது. மெதுவாக, தைலத்தில் தொடங்கி.

முடிவு ஆ: எதுவும் திரும்பவில்லை. தட்டில் வளையத்தைப் பார்த்த நாளிலிருந்து அவன் அந்தக் 'கண்றாவி' என்ற சொல்லைப் பத்திரமாக வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

இரண்டில் எது பெரிய அன்பு என்று கேட்டால், நான்—

7.

சோதிப்பது சுலபம். புது வளையத்தை மாட்டி, மறுபடி பியர் போட்டு, தைல வாசனை இல்லாதபோதும் அவன் 'கண்றாவி' என்கிறானா என்று பார்த்தால் போதும். மார்லாவுக்கும் இது தெரியும். தெரிந்துதான் வளையத்தை வேலி தாண்டிக் கொடுத்தாள். அதே பீப்பாயில், அதே பழைய ரப்பரோடு, அடுத்த பியரும் போட்டுவிட்டாள். அண்டா விற்பனைக்கு இல்லை.

இப்போது வளையம் என் மேசையில் இருக்கிறது. எனக்கும் வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பின்கதவைப் பூட்டுவதில்லை. ஸ்பானர் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. குட்டைக் குழாய் எந்த முனையில் என்று உங்களுக்கே தெரியும். மாட்டுவதும் மாட்டாததும் உங்கள் பாடு. போவதென்றால் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். இப்போது இருவரும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். வெண்டலின் குரல் வேலியைத் தாண்டி வருகிறது:

"கண்றாவி! இன்னொன்னு ஊத்து."