ஸ்டியரிங் போன பிறகு

பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். ஒரு நாள் காலை டிப்போவில் கையெழுத்துப் போடும்போது வலிப்பு வந்து விழுந்தார். அதற்கு முன்பு வந்ததில்லை, பின்பும் வரவில்லை. ஆனாலும் லைசென்ஸைப் பறிக்க அந்த ஒரு முறை போதுமாக இருந்தது.

நிர்வாகம் அவரைத் தொழில் ஆலோசகரிடம் அனுப்பியது. அந்தப் பெண் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். நூற்றிருபது கேள்விகள் கொண்ட தாளை நீட்டினாள். பென்சிலைக் கடித்துக் கடித்து எழுதிக் கொடுத்தார். விடைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை பொருந்தும் என்றாள்.

"நூத்திருபது கேள்வி கேட்டு இதைத்தான் கண்டுபிடிச்சாங்களா?" என்றாள் அவர் மனைவி. "பேச ஆளில்லாத இடத்துல நீங்க ரெண்டு வாரம் தாங்க மாட்டீங்கன்னு நானே சொல்லியிருப்பேனே."

அப்படியே ஆனது. கிடங்கில் அட்டைப்பெட்டிகளைத் தவிர வேறு துணையில்லை. பதினோராம் நாள் கிளம்பி நேரே ஆலோசகரிடம் வந்து நின்றார்.

"நீங்க சொன்னது தப்புங்க."

அவள் மழுப்பவில்லை. "தப்புதான் சார். பேப்பரைப் பாத்தேன், உங்களைப் பாக்கல. உக்காருங்க. பஸ்ஸை நினைச்சா எதுக்கு மனசு ஏங்குது? ஓட்டறதுக்கா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இல்லம்மா. சில பேர் இடத்தோட பேர்கூடத் தெரியாம ஏறுவாங்க. பதறிப்போய் என் சீட்டுப் பக்கத்துல வந்து நிப்பாங்க. இறங்கற இடத்துக்கிட்ட என்ன இருக்கும்னு கேப்பேன். டைலர் கடை, தண்ணி டேங்க்குன்னு ஏதாவது சொல்வாங்க. சரியான இடத்துல இறக்கிவிடுவேன். அதுல ஒரு நிம்மதி."

இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

அவள் எங்கோ போன் போட்டுப் பேசினாள். "வேலைக்குன்னு அனுப்பல சார். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம்ல ஒரு நாள் உக்காந்து பாருங்க. ஒத்துவரலைன்னா வாங்க, வேற தேடுவோம்."

போனார். அழைப்புகளை எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனோடு உட்காரவைத்தார்கள். பத்தரை மணிக்கு ஒரு குரல் அழுதது. அப்பா நடுத்தெருவில் மயங்கிவிட்டார், நாங்கள் ஊருக்குப் புதிது, மெத்தைக் கடை தெரிகிறது, எதிரே பூட்டிய தியேட்டர் என்றது. இவர் தன்னை மறந்து தெருப் பெயரைத் தாளில் எழுதி அந்தப் பெண்ணிடம் தள்ளினார். "ஆம்புலன்ஸைத் தியேட்டருக்குப் பின்பக்கமா வரச் சொல்லுங்க. முன்னாடி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க."

ஆறே நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் மனம் லேசாக இருந்தது.

அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்; முதலில் மூன்று மாதப் பயிற்சி. டைப்பிங் தேர்வில் ஒரு முறை கோட்டைவிட்டார். மகள் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து விரல் விரலாகச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் முறை தேறினார்.

முதல் சம்பள வாரத்தில் ஆலோசகரைப் பார்க்கப் போனார். "எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலம்மா."

"நான்தான் சொல்லணும் சார். நான் சொன்னது சரிப்படலைன்னா பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டாங்க. தப்புன்னே எனக்குத் தெரியாம போயிடும். நீங்க வந்து சொன்னீங்க. இப்பல்லாம் முதல்ல பேச்சு, அப்புறம்தான் பேப்பர்."

வெளியே பெஞ்சில் ஒரு பெண் பைலை மார்போடு அணைத்தபடி காத்திருந்தாள். அவர் அவளருகே ஒரு நிமிடம் நின்றார்.

"மனசுல இருக்கறதைக் கூச்சப்படாம சொல்லிடுங்க. உள்ள இருக்கற பொண்ணு காது குடுத்துக் கேக்கும்," என்றுவிட்டுப் படியிறங்கினார்.